ஏழாம் அத்தியாயம்: படிக்கு ஒரு சொல்

திருத்தணி மலையின் அடிவாரத்திலிருந்து முருகன் சந்நிதிக்கு ஏறும் படிகள் 365 என்பதும், ஆண்டின் நாட்களுக்கு ஈடாக அவற்றைக் கருதும் அடியார்கள், வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கப்படி, டிசம்பர் 31-ஆம் தேதி இரவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டே மேலேறுகிறார்கள் என்பதும் பலரும் அறிந்த விஷயங்கள். அந்தப் படிகளில் ஒரு நாள் காலையில் நான் கண்ட காட்சியொன்றைச் சொல்லித்தான் இந்த அத்தியாயத்தைத் தொடங்க வேண்டும்.

நாற்பது ஐம்பது படி ஏறிய இடத்தில், மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன், கையில் இருந்த பொரிப் பொட்டலத்தைப் பிரிப்பதும் மூடுவதுமாக, தாயின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பத்துப் படி மேலே போய்விட்ட தகப்பனார் திரும்பிப் பார்த்து, "டேய், அந்தப் பொரியைப் பையில போட்டுட்டு, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, ஓரமா ஏறி வாடா!" என்று குரல் கொடுத்தார். சிறுவன் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தாயை விட்டுவிட்டு, படிகளின் நடுவே விழுந்தடித்து ஓடிப்போய்த் தகப்பனார் முன் மலர்ந்த முகத்தோடு நின்றான். கிடைத்தது வசவு: "ஒரு சொல் பேச்சு கேக்கிறானா பாரு!"

அதே நேரத்தில், சற்றுக் கீழே, ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட ஒரு சிறுமியின் பக்கத்தில் அவளுடைய ஆயாவும் உட்கார்ந்தாள். குழந்தையின் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். "கண்ணு, என்னைப் பாரு" என்றாள். குழந்தை பார்த்தபின், "இந்த ஒரு படி ஏறு" என்று அந்தப் படியைக் கையால் தட்டிக் காட்டினாள். குழந்தை ஏறியது. "ஏறிட்டியே! இப்ப இந்தப் படி." இவ்வாறே ஒரு படிக்கு ஒரு சொல்லாக, அவசரம் இல்லாமல், அந்த இருவரும் என் கண் பார்வைக்கு அப்பால் ஏறிப் போனார்கள்.

அந்தச் சிறுவன் சொல் கேளாதவன் அல்லன். தான் கேட்டதைச் செய்தான். எதைக் கேட்டான், எதை விட்டான், ஏன் விட்டான் என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். குழந்தை சொன்னபடி செய்யவில்லை என்றால், குழந்தையைச் சோதிப்பதற்கு முன்னால் சொல்லைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம். மற்றவையெல்லாம் அதன் விரிவே.

கேட்டலின் நான்கு நிலைகள்

நம் மொழியில் 'கேள்' என்னும் ஒரே சொல், காதில் வாங்குவதையும், பொருள் உணர்வதையும், சொன்னபடி நடப்பதையும் சேர்த்தே குறிக்கிறது. ஆகையினால், "இவன் கேட்கவில்லை" என்று நாம் சொல்லும்போது, இம்மூன்றில் எது நடக்கவில்லை என்று நமக்கே தெளிவாகத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் பிடிவாதம் என்ற பெயரை வைத்துவிடுகிறோம்.

ஓர் ஏவல் செயலாக மலர்வதற்கு நான்கு நிலைகளைக் கடக்கவேண்டும். முதலாவது, சொல் காதில் விழவேண்டும். விளையாட்டில் லயித்திருக்கும் குழந்தைக்குப் பின்னாலிருந்து வரும் குரல், தெருவில் போகும் வண்டிச் சப்தத்துக்குச் சமானம். இரண்டாவது, பொருள் விளங்கவேண்டும். 'ஓரமாக' என்றால் எந்த ஓரம், 'ஒழுங்காக' என்றால் எது ஒழுங்கு என்று மூன்று வயதுக் குழந்தைக்கு யார் காட்டியிருக்கிறார்கள்? மூன்றாவது, செய்து முடிக்கும் வரையில் அது ஞாபகத்தில் நிற்கவேண்டும். நான்காவது, செய்துகொண்டிருக்கும் ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னதைச் செய்வதற்கு வேண்டிய தன்னடக்கம் குழந்தைக்கு வாய்த்திருக்கவேண்டும். இந்த நான்கில் எந்த நிலையில் குழந்தை நின்றுவிட்டது என்று பார்க்கும் பழக்கம் தாய்தந்தையர்க்கும் உபாத்தியாயர்க்கும் வந்துவிட்டால், பாதிக் கோபம் தானே அடங்கும். மீதிக் காரியத்துக்கு வழியும் தெரியும்.

வயதும் வாக்கும்

நம் முன்னோர் பிள்ளைத்தமிழ் பாடியபோது, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தார்கள். அவற்றுள் ஒன்பதாம் மாத அளவில் வருவது சப்பாணிப் பருவம்: குழந்தையைக் கை கொட்டச் சொல்வது. அடுத்தது முத்தப் பருவம்: முத்தம் தா என்பது. ஓராண்டு நிரம்பும் வேளையில் வாரானைப் பருவம்: வருக என்று அழைப்பது. கொட்டு, தா, வா என ஒவ்வொன்றும் ஒற்றை ஏவல். ஒவ்வொன்றும் சொல்பவர் தம் கையாலும் முகத்தாலும் செய்து காட்டக்கூடியது. ஒவ்வொன்றின் முடிவிலும் குழந்தைக்குக் கிடைப்பது ஆனந்தம். இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் எங்கும் கண்டதில்லை.

இன்றைய குழந்தை மருத்துவர்கள் கூறும் கிரமமும் ஏறக்குறைய இதுவே. ஒன்றேகால் வயதில் குழந்தை, சொல்லும் சைகையும் சேர்ந்து வரும் ஏவலைச் செய்கிறது. கையை நீட்டிக்கொண்டு "தா" என்றால் தருகிறது. ஒன்றரை வயதில், சைகை இல்லாமல் சொல்லால் மட்டும் வரும் ஒற்றை ஏவலைச் செய்யத் தொடங்குகிறது. இரண்டரை வயதில், "பொம்மையைக் கீழே வை, கதவைச் சாத்து" என்பதைப் போன்ற பழகிய இரண்டு செயல்களைத் தொடர்ந்து செய்யமுடிகிறது. நான்கு, ஐந்து வயதில் மூன்று செயல்கள் வரையில் நினைவில் நிற்கின்றன. குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின் ஆவது இயற்கை. பக்கத்து வீட்டுக் குழந்தையை அளவுகோலாக வைத்துத் தம் குழந்தையை அளப்பது வீண் மனக்கிலேசத்தையே தரும்.

புரிந்துகொள்வது ஒன்று, புரிந்ததற்குக் கட்டுப்படுவது வேறு என்பதற்கு, சோவியத் நாட்டு உளவியல் அறிஞர் அலெக்சாண்டர் லூரியா செய்த பரிசோதனை நல்ல சான்று. குழந்தையின் கையில் ஒரு ரப்பர்க் குமிழைக் கொடுத்து, "விளக்கு எரிந்ததும் அழுத்து" என்று அவர் சொன்னார். இரண்டு வயதைச் சார்ந்த குழந்தைகள் விளக்குக்காகக் காத்திராமல், 'அழுத்து' என்ற சொல் காதில் விழுந்ததுமே அழுத்தினார்கள்; அழுத்திக்கொண்டிருக்கும் குழந்தையிடம் "அழுத்தாதே" என்று சொன்னால், பல சமயம் பிடி தளர்வதற்குப் பதிலாக முன்னிலும் பலமாக அழுத்தினார்கள். மூன்று நான்கு வயதுக்குள் படிப்படியாகத்தான், சொல்லுக்காகக் கையை நிறுத்தி வைக்கும் சக்தி குழந்தைக்குச் சித்திக்கிறது. "வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வேண்டுமென்றே செய்கிறாள்" என்று வருந்தும் தாய்மார்கள் இந்தப் பரிசோதனையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்த காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றியவர். கீழ்ப்படிதலில் மூன்று நிலைகள் உண்டு என்று அவர் கூறினார். முதல் நிலையில், குழந்தை சொன்னதை ஒரு தடவை செய்யும், மறு தடவை செய்ய முடியாமல் போகும். அதற்கான சக்தி இன்னும் உறுதிப்படவில்லை. இரண்டாம் நிலையில் எப்போதும் செய்யமுடியும். மூன்றாம் நிலையில், செய்வதற்கு ஆவலோடு காத்திருக்கும். "நேற்றுச் செய்தானே, இன்று ஏன் மாட்டேன் என்கிறான்?" என்ற கேள்விக்கு விடை அந்த முதல் நிலையில் இருக்கிறது.

தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்

இனி அந்தப் படிக்கட்டுச் சிறுவனிடம் வருவோம். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்பது. அதற்கு முன் எத்தனை செயல்கள் வந்தாலும் அவையெல்லாம் 'போட்டு', 'பிடித்து', 'ஏறி' என்று எச்சங்களாகவே வரும். ஏவல் என்று முழு உருவம் பெறுவது கடைசிச் சொல் ஒன்றுதான். பெரியவர்கள் காதுக்கு இது அழகிய கோவை. குழந்தையின் காதுக்கோ, முன்னால் வந்தவை யாவும் ஓசையாகப் போய், 'ஏறி வாடா' என்பது மட்டுமே கட்டளையாக எஞ்சுகிறது. தகப்பனார் மூன்று காரியங்களைச் சொன்னார். பிள்ளை கடைசிக் காரியத்தை உடனே, உற்சாகத்தோடு செய்துவிட்டான்.

ஆகையினால் குழந்தையிடம் பேசும்போது எச்சங்களை அவிழ்த்து முற்றுகளாக்க வேண்டும். "செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வா" என்பதை, "செருப்பைக் கழற்று" என்று சொல்லி, கழற்றிய பின், "இந்த மூலையில் வை" என்று சொல்லி, வைத்த பின், "வா, கால் கழுவலாம்" என்று சொல்லவேண்டும். தமிழில் வினைப்பகுதியே ஏவலாக நிற்பது நமக்குக் கிடைத்த பெரும் சௌகரியம். நட, எடு, வை, மூடு, திற, நில் என்று ஓரிரண்டு எழுத்துகளில் ஒரு முழுக் கட்டளை அடங்கிவிடுகிறது. குழந்தைக்கு வயது ஏற ஏற, இரண்டு முற்றுகளைச் சேர்த்துச் சொல்லலாம். எச்சக் கோவை நான்கு வயதுக்குப் பிறகு வந்தால் போதும்.

சுட்டுச் சொற்களையும் குறைத்துக்கொள்ள வேண்டும். "அதை எடுத்து அங்கே வை" என்பது நம் வீடுகளில் நாளுக்கு நூறு தடவை ஒலிக்கும் வாக்கியம். அதில் பொருளின் பெயரும் இல்லை, இடத்தின் பெயரும் இல்லை. சொல்பவரின் கண்கள் போகும் திசைதான் அர்த்தம். "சொம்பை எடு. திண்ணைமேல் வை" என்றால், ஏவலோடு இரண்டு பெயர்களையும் குழந்தை கற்றுக்கொள்கிறது.

மறுக்க இடமில்லாத காரியத்தைக் கேள்வியாகக் கேட்பதும் பிழை. "மருந்து குடிக்கிறாயா?" என்று கேட்டால், "மாட்டேன்" என்பதும் நியாயமான பதிலே. "மருந்து குடிக்கும் நேரம், உட்கார்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, விருப்பத்துக்கு இடம் தரவேண்டுமானால், "பாலாடையில் குடிக்கிறாயா, ஸ்பூனில் குடிக்கிறாயா?" என்று கேட்பதே நேர்மை.

'சிந்தாதே' என்றால் என்ன செய்வது?

என் அனுபவம் ஒன்றை இங்கே எழுதுகிறேன். என் பேரன் மூன்று வயதில், கூடத்திலிருந்த தாத்தாவுக்குப் பால் கொண்டுவர ஆசைப்பட்டான். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் பின்னாலேயே, "சிந்தாதே, சிந்திடப்போறே, சிந்தாதே" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்றாம் தடவை திரும்பியபோது பால் முழுவதும் கூடத்தில் இருந்தது. நான் அவனுக்குச் செய்யக்கூடாததைச் சொன்னேனே ஒழிய, செய்யவேண்டியதைச் சொல்லவில்லை என்பது அன்று இரவு யோசித்தபோதுதான் எனக்குத் தோன்றிற்று. மறுநாள், அரை டம்ளர் பாலைக் கொடுத்து, "இரண்டு கையாலும் பிடி. டம்ளரைப் பார்த்து நட" என்றேன். பத்தடி தூரத்தை அவன் கடக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஒரு துளியும் சிந்தவில்லை.

நம் மொழியில் எதிர்மறை ஏவல் சொல்லின் வாலில் இருக்கிறது. 'ஓடாதே' என்பதில் முதலில் காதில் விழுவது 'ஓடு'. மறுப்பு பின்னால் வருகிறது. தவிரவும், 'ஓடாதே' என்பது ஒரு கதவை மூடுகிறதே அன்றி வேறொரு கதவைத் திறப்பதில்லை. 'மெல்ல நட', 'என் கையைப் பிடி', 'கையை மடியில் வை', 'காதோடு பேசு' என்று, செய்யத்தக்க ஒரு செயலைக் கொடுப்பதே உத்தமம். உயிருக்கு அபாயம் நேரும் சந்தர்ப்பத்துக்கு என்று 'நில்' என்ற ஒரே சொல்லைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டாகத் தினமும் பழக்குங்கள். மற்ற வேளைகளில் அந்தச் சொல்லைக் கத்தி வீணாக்காதீர்கள்.

இரண்டு மொழி வழங்கும் வீடுகள்

திருத்தணிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இத்தாலுகா, மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சிக்குப் பின், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததே ஒழிய வீடுகளுக்குள் விழவில்லை. இன்றும் பல இல்லங்களில் தெலுங்கும் தமிழும் ஒரே அடுப்பங்கரையில் வழங்குகின்றன. நாடு முழுவதும் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் செப்டம்பர் 5, இவ்வூரில் 1888-இல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் தோன்றிய டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளே. இரண்டு மொழிகள் குழந்தைக்கு இடையூறு அல்ல. சரியாகப் பழக்கினால் இரட்டைச் செல்வம்.

ஆனால் ஏவல்களில் மட்டும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். தமிழ்த் தாய் அடுப்பருகே "சூடு!" என்றால், தொடாதே என்று பொருள், தெலுங்கு அவ்வா "சூடு" என்றால், பார் என்று பொருள். தமிழில் "குடி" என்றால் அருந்து. தெலுங்கில் அதுவே வலப்பக்கம். தெலுங்கில் "ஆகு" என்றால் நில். 'எக்கு' என்றால் ஏறு. 'திகு' என்றால் இறங்கு. அவ்வாவிடம் வளர்ந்து முதல் வாரம் அங்கன்வாடிக்கு வரும் குழந்தையை "இறங்கு, இறங்கு" என்று பத்துத் தடவை சொல்லியும் அது பெஞ்சுமேலேயே நின்றால், அது பிடிவாதம் அன்று, பாஷை.

இதற்குப் பரிகாரம் எளிது. அங்கன்வாடி ஆசிரியை, குழந்தை சேரும் நாளிலேயே, வீட்டில் வழங்கும் பத்து ஏவற்சொற்களைத் தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். முதல் சில நாட்கள் வீட்டுச் சொல்லைச் சொல்லிச் செய்கையைக் காட்டி, பிறகு அதே செய்கைக்குப் பள்ளிச் சொல்லைச் சொல்லவேண்டும். ஒரே ஏவலுக்குள் இரு மொழியையும் கலக்காமல், ஒரு மொழியில் முழுதாகச் சொல்லி முடித்து, குழந்தை செய்வதற்கு நேரம் கொடுக்கவேண்டும். வீட்டிலும் அவரவர் தமக்கு இயல்பான மொழியிலேயே பேசுவது நலம்.

வலமும் இடமும்

வலம், இடம் என்னும் பேதம் தடுமாற்றம் இல்லாமல் பிடிபடுவதற்குப் பல குழந்தைகளுக்கு ஆறு ஏழு வயதாகிவிடும். அதற்கு முன் 'சோற்றுக்கைப் பக்கம்' என்பதே போதுமான அடையாளம். கற்பிக்கும்போது குழந்தைக்கு எதிரே நின்று கையைக் காட்டினால், நம் வலம் அதற்கு இடமாகத் தோன்றும். ஆகையால் குழந்தையின் பக்கத்தில், அது பார்க்கும் திசையையே பார்த்து நிற்கவேண்டும்.

கோயிலே இதற்குச் சிறந்த பள்ளிக்கூடம். சந்நிதியை எப்போதும் வலக்கைப் பக்கத்தில் வைத்துச் சுற்றுவதனால்தான் அதற்கு 'வலம் வருதல்' என்று பெயர். பிராகாரம் சுற்றும்போது, "சாமி எந்தக் கைப் பக்கம் இருக்கிறார்?" என்று ஒவ்வொரு மூலையிலும் கேட்டு, அந்தக் கையால் மதிலைத் தொடச் சொல்லுங்கள். பத்துத் தடவை வலம் வந்த குழந்தைக்கு வலம் என்ற சொல் கையில் வந்துவிடும்.

அப்பியாசங்கள்

கீழ்க்காணும் அப்பியாசங்களுக்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. நாளுக்குப் பத்து நிமிஷம் போதும். குழந்தை களைத்திருக்கும்போதும் பசித்திருக்கும்போதும் செய்யவேண்டாம்.

முதலாவது, மௌன விளையாட்டு. இது மாண்டிசோரி அம்மையார் வகுத்தது. குழந்தைகள் அசையாமல், சப்தமில்லாமல் உட்காருகிறார்கள். ஆசிரியை அடுத்த அறைக்குப் போய், ஒவ்வொரு பெயராக மிக மெல்லிய குரலில் அழைக்கிறார். தன் பெயரைக் கேட்ட குழந்தை, காலடி ஓசையும் இல்லாமல் எழுந்து அவரிடம் போகவேண்டும். கத்தினால்தான் பிள்ளைகள் கேட்பார்கள் என்று நினைக்கும் எவரும் இதை ஒரு தடவை செய்து பார்க்கவேண்டும். கிசுகிசுக்கும் குரலுக்காக இருபது குழந்தைகள் மூச்சை அடக்கிக் காத்திருப்பதைக் கண்டபின், குரலை உயர்த்த மனம் வராது.

இரண்டாவது, படி விளையாட்டு. வீட்டு வாசற்படி மூன்றே இருந்தாலும் போதும். "ஏறு", "இறங்கு", "நில்", "உட்கார்" என்று ஒற்றை ஏவலில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து, "இரண்டு படி ஏறு, கை தட்டு" என்று இரட்டை ஏவலுக்குப் போகலாம். சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து எண்ணும் நேரத்தில் குழந்தை சொல்லைச் செயலாக மாற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் மறுபடியும் சொன்னால், அதன் சிந்தனையைக் கலைத்தவர்களாவோம்.

மூன்றாவது, சமையலறை ஏவல். "கூடையிலிருந்து ஒரு வெங்காயம் கொண்டுவா" என்பதில் தொடங்கி, எண்ணிக்கையையும் இடத்தையும் மெதுவாகச் சேர்க்கலாம்: "முறத்துக்குக் கீழே பார்", "பானைக்குப் பின்னால் வை", "பெரிய கரண்டியை எடு". மேல், கீழ், உள், புறம், முன், பின் என்ற சொற்கள் பொருள்களைத் தொட்டுத்தான் புரியவேண்டும். கொண்டுவந்ததை உடனே பயன்படுத்துங்கள். தான் கொண்டுவந்த வெங்காயம் தன் கண்முன்னே குழம்பில் விழுவதைவிடக் குழந்தைக்குப் பெரிய பரிசு இல்லை.

நான்காவது, படச் சீட்டு. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான ஒரு முறையை ஆதாரமாகக் கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-க்குப் பின் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. அதில், ஒவ்வோர் அட்டையிலும் உள்ள சின்னத்தைப் பார்த்தே, தான் அடுத்துச் செய்யவேண்டியது இன்னதென்று குழந்தை அறிந்து, சுவரில் வரைந்த கற்றல் ஏணியில் தன் படி எது என்று கண்டுகொள்ளும். எழுத்தறியாத வயதிலேயே, ஒருவர் வாயைப் பார்க்காமல் குறிப்பைப் பார்த்து நடக்கமுடியும் என்பதற்கு அது சாட்சி. இதையே வீட்டில், பல் துலக்குதல், குளித்தல், உடுத்தல், உண்ணுதல் என்று நான்கு படங்களை வரைந்து, குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டிச் செய்யலாம். காலை வேளையில் தாய் பத்துத் தடவை ஏவுவதற்குப் பதிலாக, "அடுத்த படம் என்ன?" என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

ஐந்தாவது, மாறு விளையாட்டு. இதில் குழந்தை ஏவுகிறது, பெரியவர் செய்கிறார். "குதி" என்றால் குதிக்கவேண்டும். "தாத்தா, இறங்கு" என்றால் இறங்கவேண்டும். சில சமயம் வேண்டுமென்றே தவறாகச் செய்தால், குழந்தை திருத்தும். தான் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள பேதத்தைக் கண்டுபிடிக்கும் குழந்தை, ஏவலின் தத்துவத்தையே அறிந்துகொண்டது என்று நிச்சயிக்கலாம்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்

ஏவலைப் பழக்குவதன் முதல் பயன் குழந்தையின் பாதுகாப்பு. ஆடிக் கிருத்திகையன்று புஷ்பக் காவடிகள் அலை அலையாக ஏறும் நெரிசலில், கைப்பிடி நழுவக் கணநேரம் போதும். வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்து, கூடத்தில் நடித்துப் பார்க்கவேண்டும். "அம்மாவைக் காணவில்லையா? நின்ற இடத்திலேயே நில்." "உன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்." "போலீஸ்காரரிடமோ, குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்." சட்டைப் பையில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றும் இருக்கட்டும்.

அதோடு, கேட்கக்கூடாத ஏவலும் உண்டு என்பதையும் குழந்தைக்குக் கற்பிப்பது நம் கடமை. அறியாதவர் "என்னோடு வா" என்றாலும், யாராயினும் உடம்பைத் தொட்டு "அம்மாவிடம் சொல்லாதே" என்றாலும், "மாட்டேன்" என்று உரக்கச் சொல்லி ஓடிவரவேண்டும். எல்லோர் சொல்லுக்கும் எப்போதும் இணங்கும் குழந்தையை வளர்ப்பது நம் நோக்கம் அன்று. சொல்லைப் புரிந்துகொண்டு நடக்கும் குழந்தையை வளர்ப்பதே நோக்கம்.

காதைச் சோதிக்கவேண்டிய சமயம்

ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயது கடந்தும் சைகை இல்லாமல் ஒற்றை ஏவலைப் புரிந்துகொள்ளாத குழந்தை, முகத்தைப் பார்த்தால் மட்டும் சொன்னதைச் செய்யும் குழந்தை, அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கும் குழந்தை ஆகியவர்களை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். செவியில் குறையிருக்கலாம்; மன வளர்ச்சியில் தனிக் கவனம் தேவைப்படலாம். 2013 முதல் நடந்துவரும் தேசியத் திட்டப்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். அவர்களிடம் நம் சந்தேகத்தைச் சொல்லத் தயங்கக்கூடாது. கேளாத காதைப் பிடிவாதம் என்று எண்ணித் தண்டிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

தணிந்த இடம்

சூரபதுமனோடு போர் முடித்த முருகன், சினம் தணிந்து அமர்ந்த தலம் ஆதலால் இவ்வூருக்குச் செருத்தணி என்ற பெயர் வந்து, அதுவே திருத்தணி ஆயிற்று என்று தல வரலாறு கூறுகிறது. ஏவுகிறவர் மனம் தணிந்த பிறகே ஏவல் பிறக்கவேண்டும் என்று நான் இப்பெயரிலிருந்து பாடம் கொள்கிறேன். உரத்த குரலைக் கேட்ட குழந்தையின் கவனம் முழுவதும் நம் முகத்தின் கோபத்தில் போய்விடுகிறது; சொல்லின் பொருளுக்கு இடமே இருப்பதில்லை.

சங்கீத மூர்த்தி முத்துஸ்வாமி தீட்சிதர் இம்மலைக்கு வந்தபோது, முதியவர் ஒருவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லி, நாவில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அந்த இனிப்பிலிருந்தே அவருடைய முதற் கீர்த்தனம் பிறந்தது என்றும் சொல்வார்கள். ஒரு சிறிய ஏவல். அதைச் செய்தவுடன் ஓர் இனிமை. குழந்தை சொன்னதைச் செய்தவுடன் நாம் கொடுக்கவேண்டிய கற்கண்டு, "சமத்து" என்ற பொதுச் சொல் அன்று. "செருப்பை ஜோடியாக வைத்தாயே" என்று, செய்த செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டும் வாக்கியம். எதைச் செய்ததற்காக மகிழ்ந்தோம் என்று தெரிந்தால்தான் நாளையும் அதைச் செய்யும்.

அன்று தரிசனம் முடித்துக்கொண்டு நான் இறங்கும்போது, அந்த ஆயாவும் சிறுமியும் மேலேறும் கடைசிச் சில படிகளில் எதிர்ப்பட்டார்கள். இப்போது உட்கார்ந்திருந்தவள் ஆயா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சிறுமி அவளுக்கு எதிரே ஒரு படி மேலே நின்று, குனிந்து அவள் முகவாயைத் தொட்டாள்.

"ஆயா, என்னைப் பாரு" என்றாள். பிறகு தன் காலடியிலிருந்த படியைக் கையால் தட்டிக் காட்டி, "இந்த ஒரு படி ஏறு" என்றாள்.